நீயும் எங்கூட உக்காந்துதானடே பாத்த?

இந்த ஆண்டும் பட்டியல் போட உட்கார்ந்துவிட்டேன். கல்லூரி ஃபுட்பால் (பந்தைக் கையில் சுமந்து ஓடும் அமெரிக்க ஆட்டம்) முடிந்து, தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஏப்ரலில் வரும்வரை உள்ள இந்த மூன்று மாதமும், எங்கள் ஃபேன்டஸி லீக்கின் 12 பேருக்கும் ஒரே நினைப்புதான். நிஜ ஆட்டக்காரர்களை வைத்து ஆளுக்கொரு கற்பனை அணி கட்டி, களத்தில் அவர்கள் எடுப்பதைப் புள்ளியாக எண்ணி மோதுவதுதான் ஃபேன்டஸி லீக். வருகிற ரூக்கிகளில், அதாவது முதல் ஆண்டு ஆட்டக்காரர்களில், யார் முதல், யார் இரண்டாவது. மற்ற இடங்களில் ஆடுகிறவர்களைப் பற்றி நாலு பேர் எழுதியதைப் படித்து ஒருவழியாக வரிசைப்படுத்திவிடுவேன். பந்தைச் சுமந்து ஓடுகிற ரன்னிங் பேக்குகளை மட்டும் அப்படி விட மனம் வராது. ஒவ்வொருவராக, ஆட்டம் ஆட்டமாகப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. ஆனால் முதல் பெயரை எழுதப் பேனாவை எடுக்கிறபோதெல்லாம், 2020 மே மாதம் தொலைபேசியில் அண்ணாச்சி கேட்ட ஒரு கேள்வி காதில் வந்து நிற்கிறது. ஆறு ஆண்டாகிறது. அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

எங்களுடையது டைனஸ்டி லீக். ஒருமுறை எடுத்த ஆட்டக்காரர், நாமாக மாற்றிக்கொள்ளும்வரை நம் அணியில்தான் இருப்பார். ஒரு சீசனுக்கு மட்டும் ஆள் எடுக்கும் லீக்குக்கும் இதற்கும், வாடகைக்கு வீடு பிடிப்பதற்கும் மனை வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் உண்டு. மனை வாங்குகிறவன் மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பான். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அந்தத் தப்பைச் செய்தேன் என்பதுதான் இத்தனை நாளாக என்னை விடாமல் அரிக்கிறது.

கேம்ப் ராண்டல்

அப்போது நான் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசனில் இருந்தேன். அண்ணாச்சி பாளையங்கோட்டைக்காரர். பல ஆண்டுகளாக அந்த ஊரிலேயே இருந்தவர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். ஃபுட்பால் என்றால் என்னவென்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். 2019 செப்டம்பர் 21, சனிக்கிழமை, மிச்சிகனுக்கு எதிராக விஸ்கான்சின் பல்கலைக்கழக அணி ஆடிய ஆட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். காலை 11 மணி ஆட்டம். 9 மணிக்கே போய் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் தூக்கிவைத்துக்கொண்டு புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். பக்கத்து வண்டிக்காரர்கள் அடுப்பில் பிராட்வர்ஸ்ட் வாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள், நாங்கள் வறுவலைக் கொடுத்தோம். ஊரே சிவப்புச் சட்டையில் கேம்ப் ராண்டல் அரங்கத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு விஸ்கான்சினின் ரன்னிங் பேக் ஜோனதன் டெய்லர் 23 முறை பந்தைச் சுமந்து 203 யார்டு (ஒரு யார்டு மூன்றடி) ஓடினார். அதில் ஒன்று 72 யார்டு. முதல் கால்பகுதியிலேயே அது நடந்துவிட்டது. தொலைக்காட்சியில் பார்த்தால் வேகம் தெரியாது, கேமராவும் கூடவே ஓடுகிறது. அரங்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறபோது, குறுக்கே மறிக்க வருகிறவன் எங்கே போய் நின்றால் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டு ஓடுவதும், போய்ச் சேர்வதற்குள் அந்தக் கணக்கு பொய்யாகிப்போவதும் கண்முன்னால் தெரியும். 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு மனிதர் அவர். அந்த உடம்பு அப்படி நழுவிப் போவதைப் பார்த்து ஒரு கணம் மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடித்ததுபோல அடங்கியது. அப்புறம் எழுந்த சத்தத்தில் எங்கள் பலகை இருக்கை அதிர்ந்தது. அண்ணாச்சி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இவன் காலு தரையில பட்ட மாதிரியே தெரியலயேடே" என்றார். இடைவேளைக்கு 28–0. முடிவில் 35–14. இடையில் தசைப்பிடிப்பு வந்து டெய்லர் கொஞ்ச நேரம் வெளியே உட்காரவேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அந்த 203 எங்கே போய் நின்றிருக்குமோ.

ஆனால் அன்றைக்கு அண்ணாச்சி எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்த 72 யார்டை இல்லை. அவர் பள்ளிக்கூட நாட்களில் கபடி ஆடியவர். "பெரிய ஓட்டத்த எல்லாரும்தான் பாப்பான். நீ மூணு யார்டு ஓட்டத்தப் பாரு. ரெய்டு போறவன் அத்தன பேரத் தொட்டான்ங்கறது பெருசு இல்ல. பிடிச்ச பெறவு நடுக்கோட்டுக்கு எவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டு வாரான், அதான் ஆளு" என்றார். மிச்ச ஆட்டம் முழுக்க நான் அதைத்தான் பார்த்தேன். வழியே இல்லாத இடத்தில் டெய்லர் முட்டுவார், பிடிபடுவார், பிடிபட்ட பிறகும் கால் நிற்காது. ஒரு யார்டில் விழவேண்டியவர் நாலாவது யார்டில் விழுவார். இதைப் புள்ளிவிவரக்காரர்கள் 'முதல் தொடுகைக்குப் பிறகான யார்டு' என்று கணக்கெடுக்கிறார்கள். அண்ணாச்சியின் கபடிக் கணக்கும் அதேதான். வீட்டுக்கு வந்ததும் அன்றிரவே என் நோட்டில் முதல் பெயராக டெய்லரை எழுதினேன். டிராஃப்டுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.

கல்லூரி எண்கள் சொல்வதும் சொல்லாததும்

டெய்லர் மூன்றே ஆண்டில் 1,977, 2,194, 2,003 என்று 6,174 யார்டு ஓடினார். ஆண்டின் சிறந்த ரன்னிங் பேக்குக்கான டோக் வாக்கர் விருதை இரண்டு முறை வாங்கினார். இப்படி ஒருவர் இருக்கும்போது வரிசைப்படுத்த என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. ஏனென்றால் கல்லூரி எண்களை அப்படியே நம்பினால் கெட்டுப்போவோம். விஸ்கான்சினில் ரன்னிங் பேக்குக்கு முன்னால் வழி பிரித்துக் கொடுக்கும் ஐந்து பேரும் மலை மாதிரி இருப்பார்கள். அந்த லைனுக்குப் பின்னால் யார் ஓடினாலும் ஆயிரம் யார்டு வரும் என்று ஒரு பேச்சு எப்போதும் உண்டு. டெய்லர் மூன்று ஆண்டில் 18 முறை பந்தை நழுவவிட்டிருந்தார். 926 முறை சுமந்திருந்தார். இத்தனை அடி வாங்கிய உடம்பு இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கேள்வியும் இருந்தது.

இந்தச் சந்தேகங்களை நான் குறை சொல்லவில்லை. 2012-இல் அலபாமாவின் ட்ரென்ட் ரிச்சர்ட்சனை கிளீவ்லாண்ட் அணி மூன்றாவது ஆளாக எடுத்தது. அதே டிராஃப்டில் ஃபுளோரிடா அட்லாண்டிக் என்ற சிறிய கல்லூரியிலிருந்து ஆல்ஃபிரட் மோரிஸ் ஆறாவது சுற்றில் போனார். முதல் ஆண்டில் மோரிஸ் 1,613 யார்டு, ரிச்சர்ட்சன் 950. அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே ரிச்சர்ட்சனை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். அல்வின் கமாராவைப் பாருங்கள். டென்னசியில் கடைசி ஆண்டில் அவர் பந்தைச் சுமந்தது 103 முறைதான். அந்த எண்ணை மட்டும் பார்த்தவர்கள் அவரைப் பட்டியலில் கீழே தள்ளினார்கள். 2017-இல் மூன்றாவது சுற்றில் போனவர், அந்த ஆண்டின் சிறந்த தாக்குதல் ரூக்கி ஆனார். குறைவாக ஓடியவர் என்றால் திறமை குறைந்தவர் என்று ஆகிவிடாது. அந்தக் கல்லூரியின் பயிற்சியாளர் அவரைக் குறைவாக ஓடவிட்டார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2024-இல் போய்ஸி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி 2,601 யார்டு ஓடினார். 1988-இல் பேரி சாண்டர்ஸ் ஓடிய 2,628-க்கு 27 யார்டுதான் பாக்கி. சாதனை கைக்கெட்டும் தூரத்தில் நழுவியது என்று எல்லோரும் எழுதினார்கள். ஜென்டி ஆடியது 14 ஆட்டம், சாண்டர்ஸின் 2,628 வந்தது 11 ஆட்டத்தில். அந்தக் காலத்தில் சீசன் முடிந்து நடக்கும் பௌல் ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். அந்த ஆட்டத்தில் சாண்டர்ஸ் ஓடிய 222 யார்டு எந்தச் சாதனைப் பட்டியலிலும் இல்லை. ஜென்டி மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசும்போதெல்லாம் எனக்குப் பொறுக்கமுடிவதில்லை. ஓர் எண்ணுக்குப் பின்னால் எத்தனை ஆட்டம், யாருக்கு எதிராக, எந்த லைனுக்குப் பின்னால் என்பது தெரியாமல் வரிசை போடக்கூடாது.

அதனால்தான் நான் ஒரு அட்டவணை வைத்திருந்தேன். வயது, எடை, 40 யார்டு ஓட்டத்தின் நேரம், ஒரு ஓட்டத்துக்கு எத்தனை யார்டு, தொடுகைக்குப் பிறகு எத்தனை, எத்தனை கேட்ச் (வீசிய பந்தைப் பிடிப்பது), பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வருகிறவனைத் தடுக்கத் தெரியுமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடுவரிசை. இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. தடுக்கத் தெரியாத ரூக்கியை எந்தப் பயிற்சியாளரும் மூன்றாவது டவுனில், அதாவது பெரும்பாலும் பந்தை வீசியே ஆகவேண்டிய மூன்றாவது முயற்சியில், களத்தில் நிறுத்தமாட்டார். களத்தில் இல்லாவிட்டால் கேட்சும் இல்லை. எங்கள் லீக்கில் ஒரு கேட்சுக்கு ஒரு புள்ளி. 2020 ஏப்ரல் வரை அந்த அட்டவணையில் டெய்லர்தான் முதல். இரண்டாவதாக ஜார்ஜியாவின் டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட், அடுத்து எல்.எஸ்.யூ.வின் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர்.

ஏழு மணி நேரம்

2020 டிராஃப்ட் கொரோனாவால் மேடையில்லாமல் நடந்தது. என்.எஃப்.எல். கமிஷனர் தன் வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து பெயர்களை வாசித்தார். முதல் சுற்றின் கடைசித் தேர்வு, 32-ஆவது, கான்சஸ் சிட்டி. கிளைடை எடுத்தார்கள். அந்தச் சுற்றில் போன ஒரே ரன்னிங் பேக் அவர்தான். என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்று மூன்று மாதம்கூட ஆகாத அணி. பாட்ரிக் மஹோம்ஸ் குவார்ட்டர்பேக். அவரிடம் யார் வேண்டும் என்று கேட்டதற்கு அவரே கிளைட் பெயரைச் சொன்னார் என்றும் செய்தி வந்தது. டெய்லர் 41-ஆவதாக இண்டியானபோலிஸுக்குப் போனார். அங்கே ஏற்கெனவே மார்லன் மாக் இருந்தார், முந்தைய ஆண்டில் ஆயிரம் யார்டைத் தாண்டியவர். கேட்சுக்கென்று நைஹீம் ஹைன்ஸ் இருந்தார். ஒரே வாரத்தில் பெரும்பாலான பட்டியல்கள் தலைகீழாயின. முதல் பெயர் கிளைட் என்றானது.

முந்தைய சீசனில் நான் கடைசி. அதனால் எங்கள் ரூக்கி டிராஃப்டில் முதல் தேர்வு எனக்கு. இரண்டாவது அண்ணாச்சிக்கு. ஒரு தேர்வுக்கு எட்டு மணி நேரம் கொடுப்போம். மே மாதத்து சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. அன்றைய நாளை என்னால் மணிவாரியாகச் சொல்ல முடியும். முதல் இரண்டு மணி நேரம் கிளைடின் ஆட்டங்களை மறுபடி பார்த்தேன். 2019 நவம்பரில் அலபாமாவை அவர்கள் ஊரிலேயே 46–41 என்று எல்.எஸ்.யூ. வென்ற ஆட்டத்தில் அவருக்கு நாலு டச் டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடப்பது). ஐந்தடி ஏழங்குலம்தான். எதிரே வருகிறவனின் இடுப்புக்குக் கீழே புகுந்து, பம்பரம் மாதிரி சுழன்று வெளியே வருவார். அந்த ஆண்டில் 55 கேட்ச். டெய்லருக்கு மூன்று ஆண்டும் சேர்த்தே 42. கிளைட் நல்ல ஆட்டக்காரர். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

அப்புறம் மென்டோட்டா ஏரிக்கரையில் போய் நடந்தேன். ஊரடங்கில் யாருமில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் டெய்லர்தான் முதலில் வந்து நின்றார். வீட்டுக்குத் திரும்பி, மதியச் சோற்றைக்கூட முழுதாகச் சாப்பிடாமல் அட்டவணையைத் திறந்தேன். கடைசியில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்தேன். தலைப்பு, 'அணி'. கான்சஸ் சிட்டிக்குப் பத்துக்குப் பத்து. இண்டியானபோலிஸுக்கு ஆறு. அந்த நெடுவரிசைக்கு மொத்தத்தில் 30 சதவீத எடை கொடுத்தேன். ஏன் 30? எனக்கே தெரியும். 20 கொடுத்துப் பார்த்தேன், டெய்லர் இன்னும் மேலேயே இருந்தார். 25-இலும் அப்படித்தான். 30-இல்தான் கிளைட் மேலே வந்தார். கண்ணால் கண்டது சொன்ன விடையை மாற்ற வேண்டும் என்று நானே முடிவெடுத்து, அதற்கு எவ்வளவு எடை வேண்டும் என்று தேடிக் கண்டுபிடித்தேன். மணி நாலு ஆனபோது கிளைட் பெயரை அழுத்தினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அண்ணாச்சி டெய்லரை எடுத்துவிட்டார். எடுத்த கையோடு என்னைக் கூப்பிட்டார். கோபமில்லை, கேலியுமில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். "ஏ தம்பி, அன்னிக்கு நீயும் எங்கூட உக்காந்துதானடே பாத்த?"

மஹோம்ஸ், கேட்ச், லைன் என்று என்னவோ சொன்னேன். கேட்டுக்கொண்டார். "சரி, நல்லா வரட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

138, 253, 1,811

செப்டம்பர் 10, சீசனின் முதல் ஆட்டம். கிளைட் 138 யார்டு ஓடி ஒரு டச் டவுன் எடுத்தார். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். மூன்று நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, மார்லன் மாக்குக்குக் குதிகால் தசைநார் கிழிந்து சீசன் முடிந்துபோனது. நான் ஆறு மதிப்பெண் போட்ட இடம் முதல் ஆட்டத்திலேயே வேறு இடமாகிவிட்டது. என் அட்டவணையில் அந்த ஆறு இன்னும் அப்படியே இருந்தது.

சீசன் முடிவில் கிளைடுக்கு 803 யார்டு. டெய்லருக்கு 1,169. கடைசி ஆட்டத்தில் மட்டும் 253. அடுத்த ஆண்டு 1,811 யார்டு, 18 டச் டவுன், லீக்கிலேயே முதலிடம். 2021 நவம்பர் 21 அன்று பஃபலோவுக்கு எதிராக ஐந்து டச் டவுன் எடுத்தாரே, அந்த வாரம் எங்கள் லீக்கில் எனக்கு எதிரணி யார் தெரியுமா? அண்ணாச்சி. ஐந்தாவது டச் டவுன் விழுந்தபோது நான் தொலைக்காட்சியை அணைக்கவில்லை. டெய்லர் பிடிபட்ட பிறகும் கால் நிற்காமல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேம்ப் ராண்டலில் பார்த்த அதே கால். கிளைடுக்கு அந்த ஆண்டு முழங்காலில் அடி, ஐந்து ஆட்டம் போனது. 2022-இல் ஏழாவது சுற்றில் வந்த ஐசையா பச்செகோ அவர் இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

தோற்றதைப் பற்றி இல்லை நான் எழுதுவது. 12 பேர் லீக்கில் பதினொரு பேர் ஒவ்வோர் ஆண்டும் தோற்கத்தான் வேண்டும். கிளைட் சாதித்து டெய்லர் சறுக்கியிருந்தாலும் அண்ணாச்சியின் கேள்வி அப்படியேதான் நின்றிருக்கும். நான் ஒரு மனிதரை நேரில் பார்த்து, ஒரு முடிவுக்கு வந்து, ஏழு மாதம் அதை வைத்திருந்தேன். ஒரு அணியின் பெயர் வந்ததும் அதை விட்டுக்கொடுத்தேன். ஆளை எடைபோட்டதாக நினைத்தேன், எடைபோட்டது ஊரை.

இதில் ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் நானே பல நாள் குழம்பியிருக்கிறேன். எந்தச் சுற்றில் எடுத்தார்கள் என்பது வேறு, எந்த ஊருக்குப் போனார் என்பது வேறு. முதல் இரண்டு சுற்றில் ஒருவரை எடுத்த அணி, அவர் தடுமாறினாலும் திரும்பத் திரும்பப் பந்தைக் கொடுக்கும். ஐந்தாவது சுற்றில் வந்தவருக்கு ஒரு தப்புதான் கணக்கு. 2022-இல் நோட்டர்டேமின் கைரன் வில்லியம்ஸ் 40 யார்டை 4.65 விநாடியில் ஓடி, ஐந்தாவது சுற்றுக்குப் போனார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, இருந்தும் விட்டுவிட்டேன். அடுத்த ஆண்டு 12 ஆட்டத்தில் 1,144 யார்டு ஓடினார். அதை நினைத்து நான் வருந்தவில்லை. அப்படி ஐந்தாவது சுற்றில் வந்து பெயர் தெரியாமல் போனவர்கள்தான் அதிகம். ஆனால் 32-க்கும் 41-க்கும் நடுவே என்ன பெரிய சுற்று வித்தியாசம்? இருவரையும் நம்பித்தான் எடுத்தார்கள். மிச்சமெல்லாம் ஊர்தான். அந்த ஊரோ ஒரு குதிகால் தசைநாரில் மாறுகிறது.

போன ஆண்டும் அதைப் பார்த்தேன். வட கரோலினாவின் ஒமரியன் ஹாம்ப்டனை 22-ஆவதாக சார்ஜர்ஸ் அணி எடுத்தது. அங்கே நாஜீ ஹாரிஸ் இருக்கிறாரே, பந்து எங்கே கிடைக்கும் என்றார்கள். என் பட்டியலில் அவர் ஜென்டிக்கு அடுத்து இரண்டாவது. மூன்றாவது தேர்வு என்னுடையது, அதுவரை இருந்தார், யோசிக்காமல் எடுத்தேன். மூன்றாவது வாரத்தில் ஹாரிஸுக்குக் குதிகால் போனது. வழி திறந்தது என்று நினைத்தேன். ஐந்தாவது வாரத்தில் ஹாம்ப்டனுக்கே கணுக்கால் உடைந்தது. ஜென்டிக்கும் ரெய்டர்ஸ் அணியில் லைன் சரியில்லை, ஒரு ஓட்டத்துக்கு நாலு யார்டு கூடக் கிடைக்கவில்லை. அவர் கால் அப்படியேதான் இருக்கிறது. நான் அவர் இடத்தை இறக்கமாட்டேன்.

செயின்ட் ஜோசப்

2024 ஜூலையில் கான்சஸ் சிட்டி அணி மிசூரியின் செயின்ட் ஜோசப்பில் பயிற்சியில் இருந்தது. அங்கே கிளைட் செய்தியாளர்கள் முன்னால் நின்று, தனக்கு நெடுநாளாக மன அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு இருப்பதைச் சொன்னார். 2018-இல், கல்லூரி நாட்களில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து வந்தது. சில சமயம் வாந்தி நிற்காது, மருத்துவமனையில் சேரவேண்டியிருந்தது என்றார். நான் அலுவலகத்தில் மதிய இடைவேளையில் அந்தக் காணொளியைப் பார்த்தேன். அவர் பேசிய விதம் அமைதியாக இருந்தது. கூட ஆடுகிறவர்கள் எப்படித் துணையாக இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

2018 என்றால், அவர் எல்.எஸ்.யூ.வில் அந்த 55 கேட்சைப் பிடிப்பதற்கு முன்பு. அலபாமாவில் நாலு டச் டவுன் எடுத்த நாளிலும், கான்சஸ் சிட்டிக்காக 138 யார்டு ஓடிய இரவிலும் அதைச் சுமந்துகொண்டுதான் ஓடியிருக்கிறார். அன்று மாலை எங்கள் லீக் குழுவில் பழைய செய்திகளைத் தேடிப் போனேன். 2021 அக்டோபரில், அவர் முழங்காலில் அடிபட்ட வாரம், நான் அவரைக் 'குப்பைத் தேர்வு' என்று எழுதியிருந்தேன். அதற்கு ஏழு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். அண்ணாச்சி மட்டும் எதுவும் போடவில்லை. அந்தச் செய்தியை மேற்கோள் காட்டி, இப்படி எழுதியதற்காக வெட்கப்படுகிறேன் என்று எழுதினேன். ஒருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை, பேசவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு வீரரைப் பற்றி இப்போது பட்டியலில் குறிப்பு எழுதினால், அதை அவரே படித்தாலும் நான் தலைகுனிய வேண்டியிராத மாதிரி எழுதுகிறேன். 'அவர் தோல்வி' என்று எழுதமாட்டேன். 'நான் தவறாகக் கணித்தேன்' என்று எழுதுவேன்.

இந்த ஆண்டு

அந்த 'அணி' நெடுவரிசையை 2021-லேயே அழித்துவிட்டேன். இப்போது டிராஃப்டுக்கு முன்பே, கணினியில் இல்லாமல் கையால், ஒரு தாளில் பெயர்களை எழுதுகிறேன். கையால் எழுதியதை எடை மாற்றித் திருத்த முடியாது. அதைப் படம் எடுத்து, இப்போது டாலஸில் இருக்கும் அண்ணாச்சிக்கு அனுப்பிவிடுவேன். டிராஃப்ட் முடிந்ததும் எந்தப் பெயரையும் ஒரு படி மட்டும் ஏற்றலாம், ஒரு படி மட்டும் இறக்கலாம். நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி. முதல் இரண்டு சுற்றில் போகாதவர்களை மட்டும் இந்த விதியிலிருந்து விட்டுவிடுவேன்.

இந்த ஆண்டுத் தாளில் முதல் பெயர் நோட்டர்டேமின் ஜெரமையா லவ். டோக் வாக்கர் விருது அவருக்குத்தான். 2024 டிசம்பரில் இண்டியானாவுக்கு எதிராக 98 யார்டு ஓடிய ஓட்டத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, அதற்கு மூன்று வாரம் கழித்து, ஆரஞ்சு பௌலில் பென் ஸ்டேட்டுக்கு எதிராக அவர் எடுத்த இரண்டே யார்டு. முழங்காலில் வலியோடு ஆடிக்கொண்டிருந்தார். கோட்டுக்கு முன்னாலேயே பிடித்துவிட்டார்கள். ஒருவர் விட்டால் இன்னொருவர் கை. விழுந்துகொண்டே, பந்தைப் பிடித்த கையை மட்டும் நீட்டிக் கோட்டைத் தொட்டார். பாளையங்கோட்டை மைதானத்தில் கால் இரண்டையும் அமுக்கிப் பிடித்திருக்க, விரல்நுனியால் நடுக்கோட்டைத் தொடுகிறவனை அப்படியே பார்த்தேன். அந்தத் துண்டை அண்ணாச்சிக்கு அனுப்பினேன். "இதான்டே" என்று மட்டும் பதில் வந்தது.

2026 ஏப்ரல் 23-ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் டிராஃப்ட். லவ் எந்த ஊருக்குப் போனாலும் சரி, என் தாளில் முதல் பெயர் அவர்தான். இரண்டாவது இடம்தான் இன்னும் காலியாக இருக்கிறது. லவ்வுடனேயே நோட்டர்டேமில் பந்தைப் பகிர்ந்துகொண்ட ஜடேரியன் பிரைஸை அங்கே எழுதலாமா என்று யோசிக்கிறேன். இன்னொருவரின் நிழலில் ஆடியவர், எண்கள் குறைவாகத்தான் இருக்கும், கமாராவுக்கு இருந்தது போல. நேற்று அண்ணாச்சியிடம் சொன்னேன். "அவன் மூணு யார்டு ஓட்டத்தயெல்லாம் பாத்தாச்சா?" என்று கேட்டார். பாதிதான் பார்த்திருக்கிறேன் என்றேன். மீதியை இன்றிரவு பார்க்கப்போகிறேன்.